கத்திரிக்காயை யார் திருப்பித் தருவார்?

காட்டுப்பாக்கம் சந்திப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் தெருவுக்குத் திரும்புவதற்குள், மெட்ரோ தூண்களில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்களைப் படித்து முடித்துவிடலாம். வாடகைக்கு வீடு, லேடீஸ் ஹாஸ்டல், மூலம் பௌத்திரம், வீட்டிலிருந்தே வேலை. கொஞ்ச காலமாக அந்த வரிசையில் 'அலர்ஜி பேக்கேஜ்' சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கே ஆள் வந்து ரத்தம் எடுப்பார். இரண்டு நாளில் கைபேசிக்கு ரிப்போர்ட் வரும். இருநூறு உணவுகளில் உங்களுக்கு ஆகாதவை எவை என்று அது நிறம் பிரித்துச் சொல்லும். போன வருஷம் என் அக்கா மகள் அப்படியொன்று எடுத்தாள்.

"மாமா, சிவப்புல இருக்கிறது எதையும் நான் தொடக் கூடாதாம்" என்று கைபேசியை நீட்டினாள். சிவப்பில் 41 பெயர்கள். பால், தயிர், கோதுமை, முட்டை, வேர்க்கடலை, தேங்காய், பூண்டு, துவரம்பருப்பு, கத்திரிக்காய் என்று போய்க்கொண்டே இருந்தது. படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறைத்தது. நோயாளியின் பட்டியல் மாதிரியே அது தெரியவில்லை. அக்கா வீட்டு மளிகைச் சிட்டையை யாரோ நகலெடுத்தது போல இருந்தது.

அவளுடைய தொந்தரவு இவ்வளவுதான்: மூன்று வாரமாக ராத்திரியானால் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பும், அரிக்கும், விடிந்தால் மறையும். அக்கா அதைக் காணாக்கடி என்று முடிவுகட்டி, வெற்றிலையில் மிளகு மடித்து மெல்லக் கொடுத்தாள். ஆபீஸ் தோழி பேக்கேஜைச் சொன்னாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் சோறு, சுரைக்காய், புடலங்காய், கேழ்வரகுக் கூழ். ஆறு கிலோ இறங்கியது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. தடிப்பு மட்டும் வாரத்தில் மூன்று நாள் தவறாமல் வந்துபோனது. பரிசோதனைக் கூடத்தின் உணவு ஆலோசகரிடம் கேட்டதற்கு, இதைவிடப் பெரிய பேக்கேஜ் ஒன்று இருப்பதாகப் பதில் வந்தது.

அந்தக் கூடத்தின் மேல் வழக்குப் போட இதை எழுதவில்லை. ஒரு கூடத்தை மூடினால் அடுத்த தூணில் இன்னொரு நோட்டீஸ் ஒட்டப்படும். என் சண்டை, படித்தவர் படிக்காதவர் என்ற பேதமில்லாமல் இன்று வீட்டுக்கு வீடு ஊறிப்போயிருக்கும் ஓர் எண்ணத்தோடு. ஒவ்வாமை ரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அதைப் படித்து எடுத்து விலக்க வேண்டியதை விலக்கிவிட்டால் வேலை முடிந்தது, பட்டியல் நீளமாக இருந்தால் சோதனை நுட்பமானது என்ற எண்ணம். இதில் ஒரு சொல்லும் தேறாது என்பது என் கட்சி.

அவள் எடுத்தது ஐஜிஜி சோதனை. ஐஜிஜி என்ற எதிர்ப்புரதம் நம் உடம்பு எழுதிவைக்கும் வருகைப் பதிவேடு. அடிக்கடி வந்துபோகிறவர் பெயர் அதில் அடிக்கடி இருக்கும். தினமும் தயிர் ஊற்றிச் சாப்பிடுகிறவரின் ரத்தத்தில் பாலுக்கு எதிரான ஐஜிஜி இருப்பது அவர் தயிர் சாப்பிடுகிறார் என்பதைச் சொல்லும், வேறெதையும் சொல்லாது. இன்னும் சொல்லப்போனால், அதன் ஒரு வகையான ஐஜிஜி4, உடம்பு அந்த உணவோடு சமாதானமாகிவிட்டதற்கு அடையாளமாகவே பல இடங்களில் காணப்படுகிறது. ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-லேயே, உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க இந்தச் சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று அறிக்கை வெளியிட்டுவிட்டது. கனடா நாட்டு ஒவ்வாமை மருத்துவர் சங்கமும் 2012-ல் அதையே சொன்னது. அக்கா வீட்டு மளிகைச் சிட்டை என்று எனக்குத் தோன்றியது தற்செயலில்லை. உண்மையிலேயே அது மளிகைச் சிட்டைதான். அதற்குப் பல ஆயிரம் ரூபாய் கொடுத்தோம்.

விவரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் குறுக்கிடுவார்கள். "ஐஜிஜி ஏமாற்று, ஒத்துக்கொள்கிறோம். நாங்கள் ஐஜிஇ எடுக்கிறோம். அது அசல்." அசல்தான். உண்மையான ஒவ்வாமையில் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு, ஆகாத புரதம் வந்தவுடன், அரிப்பும் வீக்கமும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டவைப்பது ஐஜிஇ. ஆனால் அந்தச் சோதனை சொல்வது எவ்வளவு, நாம் படித்துக்கொள்வது எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே நல்ல சாட்சி இருக்கிறது.

கர்நாடகத்தில் மைசூரு மருத்துவர் பி.ஏ.மகேஷ் குழுவினர், ஐரோப்பிய நாடுகளோடு சேர்ந்த ஒரு பெரிய ஆய்வின் பகுதியாக, 11,791 பெரியவர்களிடம் கேள்விகள் கேட்டு, அதில் தேர்ந்தெடுத்தவர்களின் ரத்தத்தையும் சோதித்தார்கள். முடிவு 2016-ல் வெளியானது. ஏதாவது ஓர் உணவுக்கு எதிராக ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம். அறிகுறியும் ரத்தமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போய், ஒவ்வாமை இருக்கக்கூடும் என்று சொல்லத்தக்கவர்கள் 1.2 சதவீதம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நூறு பேரை வரிசையில் நிறுத்தி ரத்தம் எடுத்தால் இருபத்தாறு பேர் கையில் பட்டியலோடு வீட்டுக்குப் போவார்கள். அதில் இருபத்தைந்து பேர் நேற்றுவரை அதே உணவை நிம்மதியாகச் சாப்பிட்டவர்கள். அதே ஆய்வின் குழந்தைகள் பகுதி 2020-ல் வந்தது. இந்தியக் குழந்தைகளிடம் உணவு ஒவ்வாமை 0.14 சதவீதம், ஹாங்காங்கில் 1.5 சதவீதம்.

ஏன் இப்படி? நம் ஊர் உடம்புக்கு ஐஜிஇ தயாரிக்க நிறையக் காரணங்கள் உண்டு. குடற்புழு ஒன்று போதும், மொத்த ஐஜிஇ எகிறிவிடும். "ஐஜிஇ எண்ணூறு இருக்கு சார்" என்று நடுங்கிக்கொண்டு வருகிறவருக்கு, சில சமயம் பூச்சி மாத்திரை கொடுத்தாலே பாதி சமாதானம் கிடைக்கும். பூந்துகளிலும் காய்கறிகளிலும் பொதுவாக உள்ள சர்க்கரைச் சங்கிலிகளுக்கு எதிராக ஐஜிஇ உண்டாகும். சோதனைத் தாளில் அது வேர்க்கடலை என்றும் கோதுமை என்றும் பெயர் மாறி வரும், உடம்பில் ஒன்றும் செய்யாது.

இறால் கதை இன்னும் சுவையானது. உணவு ஒவ்வாமை வெள்ளைக்காரன் வியாதி என்று சொல்கிறவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். இறாலில் ஒவ்வாமையைக் கிளப்பும் முக்கியமான பொருள் எது என்று அடையாளம் காட்டிய முன்னோடி வேலை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நடந்தது. பி.வி.சுப்பாராவ் குழுவினர், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் டீன் மெட்கால்ஃபோடு சேர்ந்து, நம் கடலின் வெள்ளை இறாலிலிருந்து, கொதிக்கவைத்தாலும் கெடாத ஒவ்வாமைப் புரதங்களை 1989-ல் பிரித்தெடுத்தார்கள். அதில் தலையானது தசைநார்ப் புரதமான ட்ரோபோமயோசின் என்று 1993-ல் காட்டினார்கள். கிட்டத்தட்ட அதே புரதம் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சியிலும் இருக்கிறது, கரப்பான் பூச்சியிலும் இருக்கிறது. மெத்தையை உதறினால் தும்முகிறவரின் ரத்தம் 'இறாலுக்குப் பாசிட்டிவ்' என்று வருவதற்கு இது ஒரு காரணம். ஞாயிற்றுக்கிழமைதோறும் இறால் தொக்கு சாப்பிட்டுச் சுகமாக இருக்கும் ஒருவருக்கு அந்தத் தாளைக் கொடுத்தால் அவர் தொக்கை விட்டுவிடுவார், தூசி மெத்தையில் தொடர்ந்து படுத்திருப்பார்.

சரி, கத்திரிக்காய்க்கு வருவோம். தோலில் அரிப்பைக் கிளப்பும் என்று நம் பாட்டிமார் வகுத்த கரப்பான் பண்டங்களில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பது அது. புண் ஆறவில்லையா, கத்திரிக்காயை நிறுத்து. அரிக்கிறதா, கத்திரிக்காயை நிறுத்து. மைசூரு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் ஒய்.பி.வெங்கடேஷ் குழுவினர் இதை எடுத்துக்கொண்டு 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 741 பேரிடம் விசாரித்தும் தோலில் குத்திப் பார்த்தும் சோதித்ததில், கத்திரிக்காய் ஏதோ செய்கிறது என்று தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஒன்பது பேருக்குச் சற்று மேல். ஐஜிஇ வழியான அசல் ஒவ்வாமை என்று உறுதியானவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மீதிப் பேருக்கு அரித்தது பொய்யில்லை. கத்திரிக்காயிலேயே ஹிஸ்டமின் இருக்கிறது. சிலருடைய நாக்கும் தோலும் அதைச் சீக்கிரம் உணர்கின்றன. பாட்டி பார்த்தது சரி, அதற்கு நாம் வைத்த பெயர்தான் தவறு. நாக்கு அரிப்பதும் மூச்சுக்குழல் அடைப்பதும் ஒரே ஜாதி இல்லை. முதலாவதற்காக ஒருவர் ஆயுள் முழுக்க எண்ணெய்க் கத்திரிக்காயை இழக்க வேண்டியதில்லை.

மீனிலும் இதே மயக்கம் உண்டு. காசிமேட்டிலிருந்து வரும் வழியில் ஐஸ் சரியாகப் போடாமல் சூரையோ கானாங்கெளுத்தியோ வெயிலில் கிடந்தால், அதில் பாக்டீரியாக்கள் ஹிஸ்டமினை உற்பத்தி செய்துவிடும். குழம்பு கொதித்தாலும் அது போகாது. சாப்பிட்ட அரை மணியில் முகம் சிவக்கும், தலை இடிக்கும், தடிப்பு வரும். ஒரே சட்டியில் சாப்பிட்ட மூன்று பேருக்கும் வந்திருந்தால் குற்றவாளி மீன்காரரின் ஐஸ்பெட்டி. ஆனால் மூவரில் ஒருவர் ரத்தம் கொடுத்துவிட்டு 'மீன் அலர்ஜி' ஆகிவிடுவார்.

கரப்பான் பண்டத்தைச் சொன்னதும், நம் மரபைப் பழிக்கிறேன் என்று கொள்ள வேண்டாம். நம் மரபில் பத்தியம் உண்டு, அது மருந்தோடு வரும், மருந்தோடு முடியும். பத்தியம் முறிக்கிற நாள் என்று ஒன்று உண்டு. அன்றைக்கு எதை முதலில் சேர்ப்பது, எவ்வளவு சேர்ப்பது என்று வீட்டில் பெரியவர்களுக்குத் தெரியும். இந்த நவீனப் பட்டியலில் அந்த நாளே இல்லை. பத்தியத்தின் முதல் பாதியை மட்டும் திருடிக்கொண்டு வந்து, இரண்டாம் பாதியை மறந்துவிட்ட வியாபாரம் இது.

இனி எல்லோரும் கடைசியில் எடுக்கும் ஆயுதம்: "நிறுத்தினேன், சரியாகிவிட்டது. இதற்கு என்ன சொல்கிறாய்?" சொல்கிறேன். புதிதாக வரும் தடிப்பு பெரும்பாலும் ஆறு வாரத்துக்குள் தானாக அடங்கும். குழந்தைகளிடம் அதற்குச் சாதாரண வைரஸ் காய்ச்சலே அடிக்கடி காரணம். அந்த ஆறு வாரத்தில் நீங்கள் வெற்றிலை மென்றிருந்தால் வெற்றிலைக்குப் பெயர், மந்திரித்திருந்தால் மந்திரத்துக்குப் பெயர், கோதுமையை நிறுத்தியிருந்தால் பரிசோதனைக் கூடத்துக்குப் பெயர். ஆறு வாரத்தைத் தாண்டிய தடிப்பில் உணவு ஒவ்வாமை காரணமாக இருப்பது மிக அரிது. உடம்பின் எதிர்ப்பாற்றல் தன் மேலேயே திரும்பியிருப்பதுதான் அங்கே பெரும்பாலும் நடப்பது. தூக்கத்தை வரவழைக்காத வகை ஹிஸ்டமின் எதிர்ப்பு மாத்திரையைத் தினமும் போட்டு, தேவையானால் அளவைக் கூட்டி அடக்குகிறார்கள். நிறுத்தியதால் சரியானதா என்று அறிய ஒரே வழி, திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. அதைச் செய்யத் துணியாதவரின் சாட்சியம் பாதிச் சாட்சியம்.

வயிற்றுப் பக்கம் வந்தால் பட்டியலின் தோல்வி இன்னும் மோசம். குடலில் நடக்கும் ஒவ்வாமைகள் பலவற்றுக்கு ஐஜிஇயோடு சம்பந்தமே இல்லை. தாய்ப்பால் மட்டும் குடிக்கும், நன்றாக எடை ஏறும் குழந்தையின் மலத்தில் ரத்தக்கீற்று தெரிந்தால், தாய் குடித்த பசும்பாலின் புரதம் காரணமாக இருக்கலாம். ரத்தச் சோதனையில் அது சிக்காது. செய்ய வேண்டியது, தாய் இரண்டிலிருந்து நான்கு வாரம் பாலை நிறுத்தி, ரத்தம் நின்றதும் திரும்பக் குடித்துப் பார்ப்பது. நம் வீடுகளில் முதல் பாதி ஜோராக நடக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பாலை மட்டுமா நிறுத்துவார்கள்? பருப்பு, முட்டை, கீரை, பழம் எல்லாம் போய், அவள் ரசஞ்சோற்றில் நிற்பாள். திரும்பக் குடிக்கும் பாதியை யாரும் நினைவூட்ட மாட்டார்கள். அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் ஒரு வயதுக்குள் தாமாகத் தேறிவிடுவார்கள் என்பது கூடுதல் செய்தி.

இன்னொரு வகையில், குழந்தை ஏதோ ஒன்றைச் சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் விடாமல் வாந்தி எடுத்து வெளிறித் துவண்டுவிடும். தடிப்பு இராது, இரைப்பு இராது, ஐஜிஇ பெரும்பாலும் நெகட்டிவ். பால் அல்லது சோயாவில் வரலாம். நாம் சாதுவானது என்று முதலில் ஊட்டும் அரிசியிலும் வரலாம். கிருமித் தொற்று என்று குளுக்கோஸ் ஏற்றி அனுப்புவார்கள். அடுத்த வாரம் அதே கூழ், அதே வாந்தி.

மூன்றாவது, உணவுக்குழாயில் இயோசினோபில் என்ற வெள்ளணுக்கள் குவிந்து அழற்சி உண்டாக்கும் நோய். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து இறக்குகிற இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். மற்றவர்கள் கை கழுவிவிட்டு வந்த பிறகும் மென்றுகொண்டே இருப்பார்கள். சப்பாத்தியும் கறித்துண்டும் நெஞ்சில் சிக்கும். 'கேஸ்' என்று வருஷக்கணக்கில் மாத்திரை விழுங்குவார்கள். எண்டோஸ்கோப்பியில் குழாய் பார்வைக்குச் சாதாரணமாகத் தெரிந்தாலும், பல இடங்களில் சதைத்துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் எண்ண வேண்டும்; ஒரு பார்வைப் புலத்தில் 15 அல்லது அதற்கு மேல் இருந்தால் சந்தேகம் உறுதிப்படும். அந்த எண்ணிக்கை எந்த ரத்தப் பேக்கேஜிலும் வராது. எந்த உணவு காரணம் என்றும் ரத்தமோ தோலோ நம்பும்படி சொல்வதில்லை. பால், கோதுமை என்று ஒன்றிரண்டை நிறுத்தி, மறுபடி உள்ளே பார்த்து, ஒவ்வொன்றாகச் சேர்த்து, மறுபடி பார்த்துத்தான் பிடிக்க முடியும். பொறுமை வேண்டிய வேலை.

ஒவ்வாமையே இல்லாதவற்றை ஒவ்வாமையில் சேர்ப்பதும் நடக்கிறது. பால் குடித்தால் வயிறு உப்பிக் கடகடக்கும் தென்னிந்தியர் ஏராளம். 1981-ல் வெளியான ஓர் ஆய்வில், பாலின் லாக்டோஸ் செரிக்காதவர்கள் தென்னிந்தியரில் மூன்றில் இரண்டு பங்கு, வடஇந்தியரில் 27 சதவீதம். இது நொதிக் குறைவு, உயிருக்கு ஆபத்தில்லை. இவர்களில் பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். கோதுமை கதையும் அப்படியே. வேலூர் சிஎம்சியில் நெடுங்காலம் பணியாற்றிய குடலியல் மருத்துவர் பி.எஸ்.ராமகிருஷ்ணா தலைமையில் 23,331 பேரைச் சோதித்து 2016-ல் வெளிவந்த ஆய்வில், கோதுமையின் குளூட்டனால் குடல் கெடும் சீலியாக் நோய் வடக்கே ஆயிரத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இருந்தது. தெற்கே பத்தாயிரத்துக்கு ஒருவர். அப்படியிருக்க, போரூர் சூப்பர் மார்க்கெட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று எழுதிய அரிசி முறுக்கைக் கூடுதல் விலைக்கு வாங்கிப் போகிறார்கள். அரிசியில் என்றைக்கு குளூட்டன் இருந்தது?

இவ்வளவு நேரம் பெரும்பாலும் இல்லாத நோயைப் பற்றிப் பேசினேன். இருக்கிற நோய்க்கு இந்த மனப்போக்கு என்ன செய்கிறது என்பதுதான் எனக்கு அதிகக் கோபம் வரவழைப்பது.

எல்லாமே அலர்ஜி என்று ஆனபின், அலர்ஜி என்ற சொல்லுக்குப் பயம் போய்விட்டது. இரண்டு வருஷம் முன்பு எங்கள் தெருவில் ஒரு கல்யாண ரிசப்ஷன். இறால் வறுவல் சாப்பிட்ட ஒரு பையனுக்கு ஐந்து நிமிஷத்தில் உதடு வீங்கியது, குரல் மாறியது, வாந்தி, வியர்வை. "அலர்ஜிப்பா, ஒண்ணும் ஆகாது, ஒரு அவில் ஊசி போட்டா சரியாயிடும்" என்றார் பெரியவர் ஒருவர். நண்பர்கள் அவனை பைக்கில் நடுவில் உட்காரவைத்து, இருபுறமும் பிடித்துக்கொண்டு கிளம்பினார்கள். அந்தப் பையன் பிழைத்தான். ஆனால் அன்று அவனுக்கு நடந்ததில் சரியாக நடந்தது ஒன்றுமில்லை. ரத்த அழுத்தம் சரியும்போது நிமிர்த்தி உட்காரவைப்பதே ஆபத்து. படுக்கவைத்துக் காலை உயர்த்த வேண்டும். முதல் கிளினிக்கில் போட்டதும் அவிலும் ஸ்டீராய்டும்தான். அவில் அரிப்பை அடக்கும். அடைக்கும் மூச்சுக்குழலைத் திறக்காது, சரியும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க மணிக்கணக்கில் ஆகும். அந்த நிமிஷத்துக்கான மருந்து அட்ரினலின் ஒன்றே. தொடையின் வெளிப்பக்கத் தசையில், கிலோவுக்கு 0.01 மில்லிகிராம், பெரியவர்களுக்கு அதிகபட்சம் அரை மில்லிகிராம். ஒரு ஆம்ப்யூலின் விலை அந்த ரிசப்ஷனின் ஒரு பிளேட் பிரியாணி விலைகூட இல்லை. வெளிநாட்டில் நோயாளியே பையில் வைத்திருக்கும் தானியங்கி ஊசி இங்கே எளிதில் கிடைப்பதில்லை. ஆம்ப்யூல் எல்லா இடத்திலும் கிடைக்கும். அதை எடுக்கத்தான் கை தயங்குகிறது.

அந்தப் பையனிடம் பிறகு ஒருநாள் கேட்டேன். யாரும் அவனை ஒவ்வாமை மருத்துவரிடம் அனுப்பவில்லை. நண்டு சாப்பிடலாமா, மீன் சாப்பிடலாமா, கையில் என்ன வைத்திருக்க வேண்டும், எதுவும் அவனுக்குத் தெரியாது. இறால் மட்டும் தொடுவதில்லை. என் அக்கா மகள் கையில் 41 பெயர் கொண்ட தாள், அவன் கையில் ஒன்றுமில்லை. தேவைப்பட்டவன் அவன்.

அப்படியானால் நல்ல ஒவ்வாமைச் சிகிச்சை என்பது எது? முதலில் கேள்வி. என்ன சாப்பிட்டாய், எத்தனை நிமிஷத்தில் வந்தது, அதற்கு முன் அதே உணவைச் சாப்பிட்டபோது என்ன ஆயிற்று, கூட வலி மாத்திரை போட்டாயா, சாப்பிட்டுவிட்டு ஓடினாயா. கோதுமை சாப்பிட்டுவிட்டு ஓடினால் மட்டும் மயங்கி விழுகிறவர்கள் உண்டு. ஓடாவிட்டால் அதே பரோட்டா ஒன்றும் செய்யாது. இந்தக் கதையைக் கேட்ட பிறகே, சந்தேகப்பட்ட ஒன்றிரண்டு பொருளுக்கு மட்டும் தோல் சோதனையோ ஐஜிஇயோ. அதிலும் தெளியாவிட்டால் உண்ணவைத்துப் பார்ப்பது. மருத்துவமனைக் கட்டிலில், அட்ரினலினைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கடுகளவில் தொடங்கி, கால் மணி அரை மணி இடைவெளியில் கூட்டிக்கொண்டே போய், ஒரு முழுப் பங்கு வரை கொடுத்து, பிறகும் இரண்டு மணி நேரம் கண்காணிப்பார்கள். உலகம் முழுக்க இறுதித் தீர்ப்பாக ஏற்கப்படுவது இதுதான். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பத்துக்கு ஏழு பேர், கேக்கில் சேர்த்து நன்றாக வெந்த பாலைத் தாங்குகிறார்கள் என்று இப்படி உண்ணவைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். அங்கிருந்து படிப்படியாகப் பால்கோவா, தயிர், பால் என்று ஏற்றிக்கொண்டு போக முடிகிறது.

விலக்குவதே பத்திரம் என்று பெரிய மருத்துவர்களும் ஒரு காலத்தில் நம்பினார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000-ல், ஒவ்வாமை வரக்கூடிய குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்றது. 2008-ல் அதைக் கைவிட்டது. அதே வருஷம் லண்டனில் கிடியன் லாக் குழுவினர், பிரிட்டனில் வாழும் யூதக் குழந்தைகளையும் இஸ்ரேலில் வாழும் யூதக் குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். பிரிட்டனில் வேர்க்கடலை ஒவ்வாமை 1.85 சதவீதம், இஸ்ரேலில் 0.17. இஸ்ரேலியக் குழந்தைகள் ஒரு வயதுக்குள்ளேயே வேர்க்கடலைப் பொரி தின்கிறவர்கள். பிறகு 640 கைக்குழந்தைகளைப் பிரித்துச் சோதித்து 2015-ல் முடிவு சொன்னார்கள். ஐந்து வயதில், விலக்கி வளர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்கு ஒவ்வாமை, கொடுத்து வளர்த்தவர்களில் 3.2 சதவீதம். பத்திரம் என்று நினைத்து விலக்கியதே நோயை வளர்த்திருக்கிறது. எக்ஸிமா உள்ள குழந்தைக்குத் தாளைப் பார்த்துப் பாலை நிறுத்தி, ஒரு வருஷம் கழித்துக் கொடுத்தபோது முன்பு ஒன்றும் செய்யாத பால் மயக்கத்தில் தள்ளிய நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் உள்ளன. ஆகவே 'விலக்கினால் என்ன நஷ்டம்' என்ற கேள்வியை இனி யாரும் என்னிடம் கேட்க வேண்டாம்.

உண்ணவைத்துப் பார்ப்பது ஆபத்தானது, நம் ஊரில் நடக்காது என்பார்கள். ஆபத்தானது என்பதால்தான் மருத்துவமனையில் செய்யச் சொல்கிறேன். போரூரிலிருந்து வேலப்பன்சாவடி வரை எங்களைச் சுற்றி மருத்துவக் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை. வாரத்தில் ஒரு காலை, நான்கு கட்டில், ஒரு நர்ஸ், தராசு, கரண்டி, அட்ரினலின். இதில் எந்த இயந்திரமும் இல்லை. இல்லாததுதான் சிக்கலும். நாலைந்து மணி நேரம் உட்கார்ந்து ஒரு குழந்தைக்கு முட்டை ஊட்டுவதற்குப் பில் போடத் தெரியாத ஏற்பாடு, ஐந்து மில்லி ரத்தத்துக்கு இருநூறு வரிப் பில் போடக் கற்றுக்கொண்டுவிட்டது.

சட்டமும் தன் பங்கைப் பாதிதான் செய்திருக்கிறது. 2020-ன் உணவு லேபிள் விதிகள் குளூட்டன் தானியம், இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், கடலை கொட்டை வகைகள், சோயா, சல்ஃபைட் ஆகியவற்றை அறிவிக்கச் சொல்கின்றன. எள்ளைக் காணோம், கொண்டைக்கடலையைக் காணோம். கொண்டைக்கடலை நம் துணைக்கண்டத்தின் முக்கியமான ஒவ்வாமைப் பொருள் என்று மும்பை மருத்துவர்கள் 2001-லேயே எழுதிவிட்டார்கள். இட்லிப் பொடியில் எள், பஜ்ஜியில் கடலைமாவு என்று சாப்பிடுகிற ஊருக்கு அந்தப் பட்டியலை யார் தயாரித்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. நீளமாக இருக்க வேண்டிய ஒரே பட்டியல் குட்டையாக இருக்கிறது.

அக்கா மகளைக் கடைசியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். அவர் தாளை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் கேள்வி கேட்டார். தினம் ஒரு மாத்திரை எழுதினார். எல்லாம் சாப்பிடச் சொன்னார். அவளுக்குத்தான் பயம் விடவில்லை. முதல் வாரம் தயிர், அடுத்த வாரம் சப்பாத்தி, அப்புறம் முட்டை என்று அவளே ஒரு வரிசை போட்டுக்கொண்டாள். தடிப்பு மூன்று மாதத்தில் குறைந்தது.

கத்திரிக்காயைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அக்கா எண்ணெய்க் கத்திரிக்காய் செய்த ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். ஒரு வாய் வைத்தாள், சற்று நேரம் எங்களையே பார்த்தாள்.

"நாக்கு லேசா அரிக்குது மாமா."

"அது எனக்கும்தான் அரிக்குது" என்றாள் அக்கா. "பிஞ்சாப் பார்த்து வாங்குன்னு சொன்னேன், உங்க மாமா முத்தலைத் தூக்கிட்டு வந்திருக்காரு."

அவள் இன்னொன்றைத் தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.